மைதானத்துக்கு முதுகு காட்டியவர்

மகள் மணக்க விரும்பிய பையனின் தகப்பனார் யார் என்பதை அறிந்த அன்று, பேருந்து ஓட்டுநர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு? முதுகா?"

"அவருக்கு ஒரு பேரு இருக்குப்பா," என்றாள் மகள்.

"இருக்கும். யாரு கூப்பிட்டா?"

முதுகு என்பது, ஊர்க் கால்பந்துக் கழகத்தின் முன்னாள் தலைவருக்கு ரசிகப் பெருமக்கள் சூட்டிய பட்டம். ஏழாண்டுக் காலம் அவர் அப்பதவியில் வீற்றிருந்தார். வீற்றிருந்தார் என்பதைக் காட்டிலும் நின்றிருந்தார் என்று கூறுவதே பொருந்தும். முதல் வரிசையில் அவருக்கெனப் போடப்பட்ட மெத்தை வைத்த நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆட்டம் தொடங்கியதும் அவர் எழுந்து சென்று, கம்பித் தடுப்பில் சாய்ந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டியவாறு ரசிகர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து எங்கே உருண்டாலும் அவர் தலை திரும்பாது. கோல் விழுந்தாலும் திரும்பாது. செய்தித்தாள்களில் வெளிவந்த படங்கள் அனைத்திலும், ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் ஓட, அவர் மட்டும் கறுப்புக் கண்ணாடியுடன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதனோடு நின்றிருந்தால் மக்கள் பொறுத்திருப்பார்கள். அவர் அணியின் பயிற்சித் திடலை விற்றார். இன்று அவ்விடத்தில் குளிர்பதனப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்று நிற்கிறது. ஆயினும் பேருந்து நிறுத்தத்தின் பெயர் 'பயிற்சித் திடல்' என்றே நீடிக்கிறது. நாள்தோறும் அந்நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஓட்டுநருக்கு வயிறு எரியும். அக்காலத்தில் மூன்றாம் வரிசையின் இடது கோடியில் நின்றுகொண்டு, ஒரு துண்டுக் கூரைத் தகரத்தை மரக்கட்டையால் அடித்து, "வெளியே போ" என்று கூட்டத்தைக் கத்த வைத்தவர் அவர்தாம். அதனால் அவருக்கும் ஒரு பட்டம் உண்டு: தகரம்.

மகள் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிந்தாள்; பையன் அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். இருவரும் ஈராண்டாகப் பழகியும் இச்செய்தியை அவள் வெளியிடாமல் வைத்திருந்ததன் காரணம் தட்டைத் தள்ளிய விதத்திலேயே விளங்கிற்று.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அங்க வந்து கால்பந்துங்கிற வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது."

"வந்தா?"

"அவரோட மூத்த பையனுக்குப் பார்த்த பொண்ணோட மாமா சாப்பாட்டு மேசையில ஏதோ குத்தலாப் பேசினாராம். அன்னிக்கே இவரு அந்தச் சம்பந்தத்தை வேண்டாம்னுட்டாரு. நீங்க பஸ் ஓட்டறீங்கன்னு அவருக்குத் தெரியும். தகரம்னு தெரியாது. தெரியவும் வேண்டாம்."

ஓட்டுநர் தலையசைத்தார். பிறகுதான் மூளையில் உறைத்தது. "ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு மேட்ச் இருக்கே. ஜெயிச்சா மேல் டிவிஷன்."

"மேட்ச் வருஷா வருஷம் வரும்," என்றாள் அவர் மனைவி. "மாப்பிள்ளை வருஷா வருஷம் வருவானா?"

மறுநாள் மாலை, அவருடைய மச்சானின் முடிதிருத்தும் நிலையத்தில் செய்தி பரவியது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாடிக்கையாளரின் காதோரம் கத்தரியை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"மாமா, இது கடவுள் குடுத்த சான்ஸ். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடுங்க. ஏன் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்?"

இக்கேள்வி அந்நிலையத்தில் பல ஆண்டுகளாக தீராத விவாதமாக இருந்து வந்தது. தலைகளை எண்ணி வசூலைச் சரிபார்த்தார் என்பது மச்சானின் கட்சி. நம்மை மனிதராகவே மதிக்காத திமிர் என்பது ஓட்டுநரின் கட்சி. பக்கத்து நாற்காலியில் முகம் முழுதும் சோப்பு நுரையுடன் சாய்ந்திருந்த வெல்டருக்கோ வேறோர் எண்ணம்: "அடி விழுமோன்னு பயம். எவன் செருப்பைக் கழட்டறான்னு பாத்துக்கிட்டே இருந்தான்."

"நீ முதல்ல அந்த மஃப்ளரைத் துவை. நாலு வருஷ நாத்தம்," என்று வெல்டரின் மடியில் கிடந்த கழக மஃப்ளரைக் காட்டினார் மச்சான்.

"துவைச்சா தோத்துடுவோம். போன தடவை என் பொண்டாட்டி துவைச்சு, என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

"மச்சான், நான் எதையும் கேக்க முடியாது," என்றார் ஓட்டுநர். "பொண்ணு வாயைக் கட்டிட்டா."

"வாயைத்தானே கட்டினா? காதைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போங்க. உங்களுக்கே தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?"

இருந்தது. இருந்ததுதான் தொல்லை. வெறுத்த மனிதரை மறப்பது எளிது. விளங்காத மனிதரை மறப்பது எளிதன்று. ஞாயிறு வரை வண்டி ஓட்டும்போதெல்லாம் அக்கேள்வி அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

முன்னாள் தலைவரின் வீடு ஓர் அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் இருந்தது. ஓட்டுநர் எதிர்பார்த்த ஆடம்பரம் அங்கே இல்லை. சோபாவின் கைப்பிடி தேய்ந்திருந்தது. சுவரில் கழகத்தின் கோப்பையோ கொடியோ காணப்படவில்லை. கதவைத் திறந்த பெரியவர் மூட்டுவலியால் ஒரு காலை இழுத்து நடந்தார்; ஆனால் குரலில் பழைய அதிகாரம் குறையவில்லை.

"உக்காருங்க. அங்க இல்ல, இங்க. அந்த நாற்காலியில."

அவர் காட்டிய இடத்தில் ஓட்டுநர் அமர்ந்தார். அப்போதுதான் எதிரே தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடுவதைக் கண்டார். ஒலி நிறுத்தப்பட்டிருந்தது. முன்னாள் தலைவரோ தொலைக்காட்சிக்கு முதுகு காட்டும்படி தம் நாற்காலியைத் திருப்பி, ஓட்டுநருக்கு நேர் எதிரே முகம் பார்த்து உட்கார்ந்தார். வீட்டிலுமா, என்று ஓட்டுநர் திகைத்தார்.

மகளும் மனைவியும் பக்கத்துச் சோபாவில் அமர்ந்தனர். பையன் சமையலறையில் தன் தாய்க்கு உதவிக்கொண்டிருந்தான். உரையாடல் பேருந்தைப் பற்றித் தொடங்கியது. பிரேக்கு எப்படி, புதிய வண்டிகளில் பளு எவ்வளவு, ஓய்வு எப்போது என்றெல்லாம் பெரியவர் கேட்டார். ஓட்டுநர் உரிய விடைகளை அளித்தார்; கண்கள் மட்டும் பெரியவரின் தோளுக்கு மேலே போய்ப் போய் வந்தன.

"கார்னரா?" என்றார் பெரியவர் திடீரென்று.

"என்ன சார்?"

"கார்னரான்னு கேட்டேன். நமக்கா, அவங்களுக்கா?"

ஓட்டுநர் மகளைப் பார்த்தார். அவள் கண்களாலேயே அவரை எச்சரித்தாள். கால்பந்து என்ற சொல்லை உச்சரிக்காமலே விடை கூற இயலும் என்று அவருக்குத் தோன்றியது.

"நமக்குத்தான்."

"வீணாக்கிட்டானுங்களா?"

"ஆமா. நீங்க பாக்காமலே எப்படி..."

தண்ணீர்க் குவளைகளுடன் வந்த பெரியவரின் மனைவி சிரித்துவிட்டார். "அவர் பாக்க மாட்டாருங்க. வருஷக் கணக்கா ஒரு மேட்ச் கூடப் பார்த்தது கிடையாது. பார்த்தா தோத்துடுவாங்களாம். யாராவது வந்தா எதிர்ல உக்கார வெச்சு அவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. யாரும் வரலேன்னா நான்தான். எனக்கு ஒண்ணும் புரியாது. நான் கொட்டாவி விட்டா கோலுன்னு நினைச்சுக்குவாரு."

"மொத மேட்ச் பார்த்தேன், நாலு கோல் வாங்கினோம்," என்றார் பெரியவர், வழக்கு மன்றத்தில் சாட்சியம் அளிப்பவர் போல. "ரெண்டாவது பார்த்தேன், மூணு. மூணாவது மேட்ச்ல பின்னாடி எவனோ என்னைத் திட்டினான். யாருன்னு திரும்பினேன். அந்த நிமிஷம் நம்ம பையன் கோல் போட்டுட்டான். அதோட சரி."

தலையை எண்ணவில்லை, திமிருமில்லை, பயமுமில்லை. துவைக்காத மஃப்ளர் அணிந்த வெல்டரும், பெனால்டி என்றால் இடக்கால் செருப்பைக் கழற்றிவிடும் தாமும் இத்தனை ஆண்டு கூடிக் கூடி ஆராய்ந்தும், இந்த ஒரு காரணம் மட்டும் எவர் புத்தியிலும் உதிக்கவில்லையே. தங்களுக்கு இருக்கக்கூடிய கிறுக்கு தலைவருக்கும் இருக்கலாம் என்று அவர்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"ஆட்டத்தை ஜனங்க மூஞ்சியிலதான் பார்த்தேன்," என்று பெரியவர் தொடர்ந்தார். "அதுல சில மூஞ்சி நல்லாத் தெரியும். மூணாம் வரிசை, இடது கோடி. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி புருவம் ஏறும். கையில ஒரு தகரம்."

மகளின் கையிலிருந்த குவளை அசைவற்று நின்றது.

"பையன் போன்ல உங்க குடும்பப் படத்தைக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. ஏழு வருஷம் பார்த்த மூஞ்சி இல்லையா? உங்க தகரத்தால எனக்கு ஒரு காதே போச்சு. ஆனா கோல்னா முதல்ல உங்க மூஞ்சியிலதான் தெரியும்."

இவ்விடத்தில் ஓட்டுநர் ஒரு புன்னகையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்றே அவரும் எண்ணினார். ஆனால் நிறுத்தத்தின் பெயர்ப்பலகை அவர் கண்முன் வந்தது.

"அப்ப பயிற்சித் திடலை வித்தது? அதுவும் ராசிக்காகவா?"

"அப்பா," என்றாள் மகள்.

பெரியவரின் முகம் இறுகியது. "அது ராசி இல்ல. அது நிர்வாகம். உங்களுக்குப் புரியாது. இன்னிக்குக் கேட்டாலும் விப்பேன்."

"இன்னிக்குக் கேட்டாலும் தகரம் அடிப்பேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பையன் வாசற்படியில் வந்து நின்று தந்தையைப் பார்த்தான். ஓட்டுநரின் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து போக வேண்டியிருக்கும் என்பவர் போலக் கைப்பையைத் தேடினார்.

"பொண்ணைக் குடுக்க வந்தவர் பேசற பேச்சா இது?" என்றார் பெரியவர். "சாப்பிட்டுட்டுப் போங்க. அப்புறம் யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்."

மூத்தவனுக்குப் பார்த்த பெண் வீட்டாரையும் இவ்வாறுதான் அனுப்பியிருப்பார் என்று ஓட்டுநருக்கு விளங்கிற்று. மகளை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. பார்வையை வேறெங்கும் வைக்க இடமின்றித் தொலைக்காட்சியிலேயே வைத்தார். ஆட்டம் சமநிலையில் இருந்தது, இறுதி நிமிடங்கள். நம் ஆட்டக்காரன் ஒருவன் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் விழ, நடுவர் ஊதலை வாயில் வைத்தார்.

அப்போது ஓட்டுநர் தம் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். கோபத்தால் முதலில் அப்படி ஆயிற்று. பிறகே அதன் பயனை உணர்ந்தார். எதிரே இருந்த மனிதர் அவர் முகத்தைத் தவிர வேறெதையும் நம்பியிருக்கவில்லை. ஏழாண்டுத் தகரம் செய்யாததை ஒரு சலனமற்ற முகம் செய்யக்கூடும்.

பெரியவர் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. விரல்கள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டத் தொடங்கின.

"என்ன நடக்குது?"

ஓட்டுநர் பேசவில்லை.

"ஃபவுலா? யாரு விழுந்தா?"

பேசவில்லை.

"சார், விளையாடாதீங்க. பெனால்டியா?"

ஓட்டுநர் தம் கையைப் பிசைந்துகொண்டார், முகத்தை அசைக்கவில்லை. திரையில் பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்தார்கள். பெரியவரின் கழுத்து திரும்பத் துடித்தது, திரும்பாமல் நின்றது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

"சம்பந்தி," என்றார் பெரியவர். குரலில் அதிகாரம் ஒரு துளியும் மிஞ்சவில்லை. "சம்பந்தி, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அச்சொல் அறையில் இருந்த அனைவர் காதிலும் விழுந்தது. வாசற்படியில் நின்ற பையன் தாயைப் பார்த்தான். ஓட்டுநரின் மனைவி கைப்பையை மீண்டும் கீழே வைத்தார்.

"பெனால்டிதான்," என்றார் ஓட்டுநர். "நமக்கு."

சொல்லிவிட்டு, எவரும் அறியாமல் நாற்காலிக்கு அடியில் இடக்காலைத் தேய்த்தார். செருப்பைத்தான் வெளியிலேயே விட்டு வந்திருந்தாரே. திரையில் நம் ஆள் ஓடி வந்து உதைத்தான். ஓட்டுநரின் புருவம் அவர் அனுமதியின்றியே ஏறியது. பெரியவர் நோயுற்ற காலையும் மறந்து பாதி எழுந்துவிட்டார். மறுகணம் ஓட்டுநரின் வாய் கோணியது.

"போஸ்ட்டா?" என்றார் பெரியவர், பாதி எழுந்த நிலையிலேயே.

"போஸ்ட்டுதான், சம்பந்தி."

பெரியவர் மெல்ல அமர்ந்தார். "நேரம் இருக்கா இன்னும்?"

"இருக்கு. நீங்க மட்டும் திரும்பிடாதீங்க."