வாமனோடு கொழும்புக்கு

கிரான் சந்தியிலிருந்து வேன் புறப்படப் போன நேரத்தில் வாமன் வந்து முன்கதவைத் திறந்தான். தோளில் பயணப் பை. பின்னால் அவன் மனைவி சுலோஜனா நின்றாள். அவள் இடுப்பில் மூன்று வயது மகள் கிருஷா தூக்கம் கலையாமல் சாய்ந்திருந்தாள்.

"நாங்களும் வாறம் யோகராசண்ணன். பின் சீற் காலியாத்தானே கிடக்கு."

அவன் கேட்கவில்லை. சொன்னான். வேன்காரர் யோகராசா திரும்பித் தன் மனைவியின் தம்பி கனகசிங்கத்தைப் பார்த்தார். கனகசிங்கம் தன் மனைவி மங்கையற்கரசியைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. மகள் கம்சாயினியின் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியதில் அந்தப் பிள்ளை "அம்மா, நோகுது" என்றது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மார்கழி விடுமுறை. கம்சாயினி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் கொழும்புக்குக் கூட்டிப்போய் மிருகங்களைக் காட்டுவதாகக் கனகசிங்கம் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் மேசன். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் எழுந்த வீட்டுத்திட்டங்களில் பாதிச் சுவர்கள் அவன் கைபட்டவை. பிள்ளை சித்தியடைந்துவிட்டாள். வாக்கை மீற அவனுக்கு மனம் வரவில்லை.

வன்னியில் சண்டை உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் ஆயுதம் வைத்திருந்தவர்கள் வீதியை விட்டுப் போகவில்லை. வாமன் முன்பு இயக்கத்தில் இருந்தவன். பிரிந்து வந்தவர்களோடு சேர்ந்து இப்போது ஆமிக்காரரோடு திரிந்தான். அவன் வந்து கதவைத் திறந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மங்கையற்கரசி அவனை ஒரேயொரு முறை அருகில் பார்த்திருக்கிறாள். சென்ற ஆண்டு பங்குனியில், உன்னிச்சையில், அவள் தாய்வீட்டு வளவுக்குள். தம்பி ஜெயரூபன் அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் அவனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போனார்கள். வாயில் இருந்த ரொட்டியை விழுங்கக்கூட விடவில்லை. தாய் அன்னப்பூரணி படலையை மறித்து விழுந்து கும்பிட்டாள். வாமன் துவக்குப் பிடியால் அவள் தோளெலும்பில் இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் மங்கையற்கரசிக்குக் கேட்டது. தம்பி திரும்பி வரவில்லை. தாய் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

வேன் ஓடியது. கனகசிங்கம் மனைவியின் காதருகில் குனிந்தான்.

"சும்மா இரிகா. பிள்ள இரிக்கா."

"ஏறயிக்குள்ள என்னைப் பாத்துச் சிரிக்கான். ஆரெண்டு தெரிஞ்சுதான் சிரிக்கான்" என்றாள் அவள்.

வழியில் பெரிய செக் பொயின்ட். பேருந்துகளில் வந்த இளைஞர்களை வெயிலில் கல்லுக்குமேல் முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பொடியன் எதையோ சொல்ல வாய் திறந்தான். ஆமிக்காரன் சப்பாத்துக் காலால் அவன் நெஞ்சில் உதைத்தான். விழுந்தவனை மற்றொருவன் மிதித்தான். கம்சாயினி தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாமன் கண்ணாடியை இறக்கி ஓர் அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் இரண்டு சொல் பேசினான். வேனைச் சோதிக்காமலே விட்டார்கள்.

"பாத்தீங்களாக்கா? நான் வந்தபடியாத்தான்" என்று அவன் பின்னால் திரும்பி மங்கையற்கரசியிடம் சொன்னான். குரலில் நக்கல் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. தாயின் எலும்பை உடைத்துவிட்டு மகளிடம் ஒருவனால் இப்படிப் பேச முடியுமா?

கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். மறுநாள் காலை, பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் சுலோஜனா குழந்தையின் சட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இராது. கேட்காமலே பேசினாள். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் போலப் பேசினாள்.

"எனக்கு வாகரைப் பக்கம், அக்கா. கடல் வந்தண்டைக்கு அம்மா, அப்பா, தம்பியாக்கள் எல்லாரும் போய்ட்டாங்க. நான் ஒரு மரத்தில கிடந்தன். முகாமுக்கு வந்து இவர் கேட்டவர். வேணாமெண்டு சொல்ல எனக்கு ஆர் இரிந்தது?"

மங்கையற்கரசி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். இவளையும் வெறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் கம்சாயினி எல்லாவற்றையும் மறந்துபோனாள். கிருஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டுக்குக் கூடு ஓடினாள். வாமன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். "சாப்பிடும்மா, நல்லாப் படிக்கிற பிள்ள" என்று கம்சாயினியின் தலையைத் தடவினான். கனகசிங்கம் மனைவியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

யானைகள் ஆடுவதைப் பார்க்கச் சனம் கூடியிருந்தபோது அது நடந்தது. வாமன் கழிப்பறைக்குப் போகும்போது கைத்தொலைபேசியைச் சுலோஜனாவின் பையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அது அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஓம் அண்ணன், கொழும்புக்கு வந்திரிக்கம். யானை பாக்கிறம். நாளைக்கு காலிமுகத்திடல் பாத்திட்டு வந்திருவம்."

திரும்பி வந்து அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கி, அழைத்த இலக்கத்தைப் பார்த்ததும் வாமனின் முகம் மாறியது.

"என்னடி சொன்ன?"

அவள் சொன்னாள். அவன் அறைந்தான். அவள் தடுமாறிக் கம்பித் தடுப்பில் விழுந்தாள். எழும்பியவளைத் திரும்பவும் அறைந்தான். உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். கிருஷா வீரிட்டு அழுதாள். மூன்றாவது அறைக்கு ஓங்கிய கையைக் கனகசிங்கம் பிடித்தான். பிடித்த பிறகுதான் யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

வாமன் கையை உதறினான். ஆனால் அவனைத் தாக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது.

"அண்ணன், நான் திரும்பி வாறதுக்கு வரல்ல" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "எங்கட ஆக்களுக்குள்ளயே பிரச்சினை. என்னோட நிண்டவங்க ரெண்டு பேரைப் போட்டுட்டாங்க. இப்ப கோல் பண்ணினதும் அவங்கதான். தனிய வெளிக்கிட்டாப் பிடிச்சிருவாங்க. அதான் உங்கட வேனில ஏறினன். நாளைக்கு ஏஜென்சிக்காரன் காலிமுகத்திடலுக்குத்தான் பாஸ்போட்டோட வாறான். அவனுக்குப் போன் பண்ண என்னட்ட நம்பரும் இல்ல. போகாமலும் ஏலா."

மங்கையற்கரசி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நாளைக்கு இவன் வெளிநாட்டுக்குப் போய்விடுவான். பிறகு எந்தக் காலத்திலும் யாரிடமும் கேட்க முடியாது. அன்றிரவு முழுவதும் அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. அவனைக் கொல்ல வேண்டும் என்று வேனில் வந்த வழி முழுவதும் நினைத்திருந்தாள். இப்போது அதுகூட வேண்டாம் என்று பட்டது. தம்பியை எங்கே போட்டாய் என்று கேட்க வேண்டும். ஒரு இடம் தெரிந்தால் போதும்.

மறுநாள் பின்னேரம் காலிமுகத்திடலில் காற்று பலமாக அடித்தது. சனம் குறைவு. கொஞ்சம் தள்ளி மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஆமிக்காரர் நின்றார்கள். சுலோஜனா வேனை விட்டு இறங்கவில்லை. கடல் தெரியாத பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீங்கிய உதட்டைச் சேலைத் தலைப்பால் மூடி உட்கார்ந்திருந்தாள். யோகராசா அவளுக்குத் துணையாக வேனிலேயே இருந்தார்.

மற்றவர்கள் கடல் தடுப்புச் சுவரோரம் இருந்தார்கள். இறால் வடை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாமன் கொஞ்சம் தள்ளி நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தான். மங்கையற்கரசி கிருஷாவை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினாள்.

"எங்க போற?" என்றான் கனகசிங்கம்.

"அவனிட்ட ஒண்டு கேக்க வேணும்."

அவள் இரண்டடி வைப்பதற்குள் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இலக்கத் தகடு இல்லை. இறங்கியவர்கள் சாதாரண உடுப்பில் இருந்தார்கள். தமிழில்தான் பேசினார்கள்.

"என்னடா வாமன், கடல் பாக்க வந்தயா?"

அவன் ஓடப் பார்த்தான். ஒருவன் காலை இடறிவிட்டான். விழுந்தவனின் முதுகில் ஏறி மிதித்தார்கள். ஒருவன் இரும்புக் குழாயால் முழங்காலில் அடித்தான். வாமன் கத்தியது கடல் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பொண்டாட்டி பிள்ள எங்க?"

"வரல்ல. ஊரில. சத்தியமா ஊரில."

"பொய் சொல்றான். நேத்து அவள்தான் போன் எடுத்தவள்." தொப்பி போட்டிருந்தவன் சுற்றிப் பார்த்தான். கண் கிருஷாவில் வந்து நின்றது. "இது ஆரிட பிள்ள?"

கிருஷா கையில் வடையோடு நின்றாள். "அப்பா" என்றாள்.

மங்கையற்கரசி பாய்ந்து அவளைத் தூக்கினாள். முகத்தைப் பிடித்துக் கனகசிங்கத்தின் பக்கம் திருப்பினாள்.

"அப்பா இஞ்ச இரிக்கார், மனே. பயப்பிடாத. என்ர பிள்ளதான் தம்பி. ரெண்டும் எனக்குத்தான்."

கனகசிங்கம் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். கம்சாயினி வந்து கிருஷாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். தொப்பிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கனகசிங்கத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"கண்ணால ஒண்டையும் காணல்ல. விளங்கிச்சா?"

வாமனை வேனை நோக்கி இழுத்துப் போனார்கள். உடைந்த கால் தரையில் இழுபட்டது. அப்போதுதான் மங்கையற்கரசிக்குத் தோன்றியது, இதோ போகிறான். அவள் ஓடினாள். கனகசிங்கம் கூப்பிட்டது காதில் விழவில்லை. வேன் கதவுக்குள் பாதி தள்ளப்பட்டிருந்தவனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என்ர தம்பிய எங்க போட்ட? சொல்லு! சொல்லிட்டுப் போ!"

வாமன் அவளைப் பார்த்தான். மூக்கிலிருந்து இரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்தத் தம்பியக்கா?"

அவள் யாரென்று இவனுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு நாளாக அவளைப் பார்த்துச் சிரித்தது வெறும் சிரிப்பு.

"ஜெயரூபன்! உன்னிச்சை ஜெயரூபன்! அம்மாட தோளை உடைச்சியே!"

அவன் யோசித்தான். உயிர் போகப்போகிற அந்த நேரத்திலும் உண்மையாகவே யோசித்தான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது. "உன்னிச்சையில..." என்று தொடங்கினான். அதற்குள் துப்பாக்கிப் பிடி மங்கையற்கரசியின் வாயில் இறங்கியது. பல் உடைந்து நாக்கில் குத்தியது. அவள் தார் வீதியில் விழுந்தாள். கதவு இழுத்துச் சாத்தப்பட்டது.

யோகராசாவின் வேனுக்குள் சுலோஜனா இருக்கைகளுக்கிடையில் தரையில் படுத்துக் கிடந்தாள். யோகராசா பயணப் பைகளை அவள்மேல் அடுக்கியிருந்தார்.

"கொண்டு போய்ட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

மங்கையற்கரசியால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை ஆட்டினாள். சுலோஜனா அழவில்லை. பிள்ளையை வாங்கி அதன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்த்தாள்.

மறுநாள் திரும்பும் வழியில் அந்தச் செக் பொயின்டில் காட்ட அட்டை இருக்கவில்லை. கனகசிங்கத்தையும் யோகராசாவையும் இறக்கி வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். வீங்கிய கன்னம் எப்படி வந்தது என்று கேட்டு மற்றக் கன்னத்தில் அடித்தார்கள். யோகராசாவின் விரல்களைச் சப்பாத்தால் நசித்தார்கள். அந்தி சாயும்போது விட்டார்கள். அந்தக் கையால் அவர் எப்படிக் கிரான்வரை வேனை ஓட்டினார் என்று கனகசிங்கத்துக்கு விளங்கவில்லை.

சுலோஜனாவை வாகரையில் அவள் ஒன்றுவிட்ட சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

வைகாசியில் சண்டை முடிந்ததென்று பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கம்சாயினி வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தாள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அதன்பிறகு ஒரு பேச்சு வந்தது. சுலோஜனா பிள்ளையோடு கிரானுக்கு வந்தாள்.

"நீங்கதான் கண்ணால கண்டது. வந்து சொல்லுவீங்களாக்கா?"

மங்கையற்கரசி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"உன்ர புருசன் என்ர தம்பியக் கொண்டுபோனவன். அது தெரியுமா உனக்கு?"

"அண்டைக்கு வேனுக்குள்ள இரிந்து கேட்டன், நீங்க கத்தினதை." சுலோஜனா நிலத்தைப் பார்த்தாள். "வரமாட்டீங்க எண்டுதான் நினைச்சன். எண்டாலும் கேக்க வந்தன். பிள்ள 'அப்பா எங்க' எண்டு கேக்குது."

கனகசிங்கம் வாசலில் நின்று வேண்டாம் என்று கையைக் காட்டினான். மங்கையற்கரசி அதைப் பார்த்தாள்.

"வாறன். ஆனா ஒண்டு," என்றாள். "அவனோட நிண்டவனுகள் ஆராவது உயிரோட இரிந்தா, என்ர தம்பிய எங்க போட்டதெண்டு நீ போய்க் கேக்க வேணும். உனக்கெண்டா சொல்லுவானுகள். எனக்குச் சொல்ல மாட்டானுகள்."

"கேக்கிறன். என்ர பிள்ள மேல சத்தியம்."

மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் விசாரணை. சனம் வாசல்வரை நிறைந்திருந்தது. மங்கையற்கரசி முதலில் ஜெயரூபனைப் பற்றிச் சொன்னாள். கொண்டுபோனது யார் என்று பெயரையும் சொன்னாள். பிறகு அதே ஆளை வெள்ளை வேனில் வந்தவர்கள் எப்படி இழுத்துப் போனார்கள் என்றும் சொன்னாள். மொழிபெயர்த்தவர் இடையில் நிறுத்தினார். தான் பிழையாக விளங்கிக்கொண்டதாக நினைத்து, "ரெண்டாவது ஆள் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"முறை ஒண்டுமில்ல ஐயா. எனக்கு அவனைக் கண்ணில காட்டக் கூடாது. ஆனா அடிச்சது அடிச்சதுதானே. நான் கண்டனான்."

வெளியே வந்தபோது சுலோஜனா அவள் கையைப் பிடிக்க வந்தாள். மங்கையற்கரசி கையை இழுத்துக்கொண்டாள். இருவரும் பேருந்து நிலையம்வரை நடந்தார்கள். வாகரைப் பேருந்து வந்தது. கூட்டம் முண்டியடித்தது. சுலோஜனாவால் பிள்ளையையும் பையையும் வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை.

"பிள்ளைய இஞ்ச தா" என்றாள் மங்கையற்கரசி. "நீ முதல்ல ஏறு."

கிருஷாவை வாங்கி வைத்துக்கொண்டு, சுலோஜனா உள்ளே ஓர் இடம் பிடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு யன்னல் வழியாகப் பிள்ளையைக் கொடுத்தாள்.