பதினைந்து நிமிஷக் கடை

தானா ராத்தா டவுனில் இருந்த அந்தக் கடைக்கு முறையாக ஒரு பெயர்ப்பலகை இருந்தது. எஸ்டேட் சனம் அதைப் படித்ததில்லை. பதினைந்தே நிமிஷத்தில் ஆயில் மாற்றித் தருவோம் என்று வாசலில் பெரிய துணியில் எழுதிக் கட்டியிருந்ததால் 'பதினைஞ்சு நிமிஷக் கடை' என்றே எல்லாரும் சொன்னார்கள். தர்மேந்திரன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். எஸ்டேட்காரர்களை டவுனுக்கும் கோயிலுக்கும் ஏற்றி இறக்கும் அவனுடைய பழைய வேனுக்குப் பதினோரு வருஷமாக ஆயில் மாற்றி வந்தவர் எஸ்டேட் பட்டறையின் பிட்டர் நல்லுசாமி.

நல்லுசாமியிடம் வண்டியை விட்டால் அரை நாளைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான். இஞ்சின் சூடு ஆறுவதற்கு ஒரு மணி நேரம். பழைய ஆயில் கடைசிச் சொட்டுவரை வடிவதற்கு இன்னொரு மணி நேரம். புது ஆயிலை ஊற்றி, இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, வண்டிக்கு அடியில் வெள்ளை உரச்சாக்கு ஒன்றை விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஆடி அசைந்து திரும்பி வந்து, சாக்கை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் ஒரு பொட்டுக் கறுப்புகூட இல்லை என்றால்தான் சாவி கைக்கு வரும்.

"என்னாண்ணே, புள்ளைக்குப் பீத்துணி பாக்குற மாரி பாக்குறீங்க" என்று தர்மேந்திரன் கிண்டல் பண்ணுவான்.

"மலை ரோட்டுல நின்னுட்டா என்னையத்தானலா கூப்புடுவ" என்பார் அவர்.

தர்மேந்திரனின் மனைவி தவமலருக்கு இதயத்தில் வால்வு கெட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மலையில் ஏறி இறங்கியவள், இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். ராத்திரியில் படுக்க முடியாது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பதினாலு மாதம் காத்திருந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, இனிமேல் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேனுக்கு ஆயில் மாற்ற இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் பாக்கி இருந்தது. மாற்றாமலே போயிருக்கலாம். ஈப்போ என்ன, கோலாலம்பூருக்கே போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரியும். டயர் பார்த்தான், பிரேக் பார்த்தான், கண்ணாடித் துடைப்பானை மாற்றினான், கடைசியில் ஆயிலுக்கு வந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்லுசாமியைத் தேடிப் போனால், அவர் தேயிலை பேக்டரியில் கெட்டுப்போன மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்.

"சாயங்காலம் கொண்டா, எந்நேரமானாலும் பாத்துத் தாரேன்" என்றார் உள்ளிருந்தபடியே.

பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். தர்மேந்திரனால் சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. தவமலருக்குக் கம்பளிச் சட்டை வாங்க எப்படியும் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. போனவன் வேனை நேராகப் பதினைந்து நிமிஷக் கடைக்குள் விட்டான்.

முன்னால் இரண்டு கார், பின்னால் மூன்று கார். சசிதரன் என்று சட்டையில் பெயர் தைத்திருந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வேனுக்கு அடியில் பள்ளத்தில் நின்று வேலை செய்தான். முதலாளி வாசலில் நின்றபடி அடுத்த கார், அடுத்த கார் என்று மலாயில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். சசிதரன் மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சுண்ணே" என்றபோது தர்மேந்திரன் கைபேசியில் நேரம் பார்த்தான். பதின்மூன்று நிமிஷம். இத்தனை வருஷமாக அரை நாள் அரை நாளாக வீணாக்கிவிட்டோமே என்று நல்லுசாமிமேல் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

சாவியைத் திருகினான். மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் சிவந்தார். இஞ்சின் பிடித்ததும் பழையபடி மஞ்சளானார். தர்மேந்திரன் வழக்கம்போல இரண்டு கையையும் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அந்தப் படம் நாலு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்றைக்கு ஒட்டியது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் ஏறும். "சாமிய வேற எடத்துல ஒட்டுப்பா, அங்கனதான் வெளக்கெல்லாம் இருக்கு" என்று நல்லுசாமி அப்போதே சொன்னார். "சாமியவிடப் பெரிய வெளக்காண்ணே?" என்று இவன் சிரித்தான். பின்னால் விளக்கு இருப்பது அவனுக்குத் தெரியாதா என்ன, தெரியும். ஆனால் நாலு வருஷமாகத் தினமும் பார்த்துக் கும்பிட்டதில் விளக்கு மறந்துபோய் சாமி மட்டும் மிஞ்சிவிட்டார். சாவியைப் போட்டால் முருகன் கண் திறக்கிறார், வண்டி கிளம்புகிறது. அவனுக்கு அவ்வளவுதான் கணக்கு.

அன்று வீட்டுக்கு வந்து வேனுக்கு அடியில் சாக்கு விரிக்க அவனுக்குத் தோன்றவில்லை. மழை வேறு பெய்து வாசலெல்லாம் ஈரமாகக் கிடந்தது.

புதன்கிழமை விடியுமுன் ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். தவமலரை முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்தி, புதுக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டான். பனி கண்ணாடியை அப்பிக்கொண்டு நின்றது. பிரிஞ்சாங் தாண்டி கியா பார்ம் ஏற்றத்தில் காய்கறிக் கடைகள் தார்ப்பாய் போர்த்துக் கிடந்தன. அவள் அதிகம் பேசவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"கோழிக்கி... தீனி வைக்கச் சொன்னீங்களா?"

"ஒந்தம்பி புவனேசுகிட்ட சொல்லிட்டேன். நீ சும்மா வா."

திரிங்காப் ஊர் வந்தபோது அவள் மீட்டரைக் கை காட்டினாள். "ஏங்க. முருகன் இன்னிக்கு... செவசெவன்னு இருக்காரு பாருங்க."

தர்மேந்திரன் குனிந்து பார்த்தான். உண்மைதான். கிளம்பும்போது ஒரு கணம் சிவந்து அடங்குகிறவர், இன்றைக்கு அடங்காமல் அந்த இருட்டில் நின்று எரிந்தார். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த பயம் அந்த நிமிஷம் இறங்கிப்போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கூடவே வர்றாருலா. ஒனக்கு ஒண்ணும் ஆவாது. கும்புட்டுக்க."

தவமலர் கும்பிட்டாள். முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தெளிச்சி வந்தது.

கம்போங் ராஜா தாண்டி, ஈப்போப் பக்கம் இறங்குகிற காட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இஞ்சினில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரோட்டில் கல் தெறிக்கிறது என்று நினைத்தான். சத்தம் வலுத்தது. அடுத்த வளைவில் இரும்பை இரும்பு கடித்தமாதிரி ஒரு ஓசை வந்து வண்டி செத்துப்போனது. இறுகிப்போன ஸ்டீரிங்கை இழுத்துப் பிடித்து, மலையோரக் கால்வாயில் இடித்து நிறுத்தினான்.

இறங்கிப் போய் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. கைபேசி வெளிச்சத்தோடு வேனுக்கு அடியில் படுத்தான். அடித்தகடெல்லாம் எண்ணெய். ஆயிலை வடித்துவிட்டு மூடுகிற நட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. "அடப்பாவி" என்றான், அவ்வளவுதான் வாயில் வந்தது.

போனுக்கு லைன் இல்லை. ஏழு மணியாகவில்லை. காட்டு ரோட்டில் வந்ததே நாலைந்து வண்டிதான். நடுரோட்டில் நின்று கையை ஆட்டினான். கும்பிட்டான். ஒருவன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். மற்றவர்களுக்குப் பனியில் இவன் தெரிந்தானோ இல்லையோ. இடையிடையே ஓடிப்போய் வேனுக்குள் பார்த்தான். குளிரில் அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சில் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். யார் வருவார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

எட்டேகாலுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கும் தர்மேந்திரனுக்கும் நடுவில் தவமலரை உட்கார்த்தினார்கள். பாதி வழியில் அவளுடைய தலை இவன் தோளில் சாய்ந்தது. இரண்டு வருஷமாகப் படுக்க முடியாதவள் அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் எழுந்துவிடக் கூடாதென்று இவன் அசையாமல் இருந்தான். சிம்பாங் பூலாய் சிக்னலில் லாரி நின்றபோது டிரைவர்தான் திரும்பிப் பார்த்து முகம் மாறினார்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மணி ஒன்பதே முக்கால். சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கருமாதி முடிகிறவரை புவனேஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்த மறுநாளே மச்சானை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனான். எஸ்டேட்டிலிருந்து இருபது பேர் கூடப் போனார்கள். முதலாளி பயந்துதான் போனார், ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார். ஆயில் ஒழுகிப் போயிருந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்திருக்குமே, அதைப் பார்த்துவிட்டு ஏன் ஓட்டினாய்? அப்போதே நிறுத்தியிருந்தால் வழியில் இருக்கிற ஊரிலேயே வேறு வண்டி பிடித்திருக்கலாமே?

தர்மேந்திரன் கொதித்துப்போனான். "எரியவே இல்ல! எரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டனா? எம்பொண்டாட்டியக் கொன்னுட்டு என்னையவே கேள்வி கேக்குறியா?"

அன்று சாயங்காலமே எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் உள்ளங்கையில் சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணினான். "லைட்டு எரிஞ்சத நா பாத்திருந்தா நா வெளங்காமப் போவேன். முருகன் சாட்சி." பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? ஊர் மொத்தமும் அவன் பக்கம் நின்றது.

சேதி முதலாளிக்கும் போனது. வேனை வந்து பார்க்கிறேன், விளக்கு எரியாமல் கெட்டுக் கிடந்தால் தப்பு முழுக்க எங்களுடையது என்று போலீசிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை வாசலில் கூட்டம் கூடியது. இழுத்துவந்து போட்ட வேன் அங்கேதான் நின்றது. முதலாளியோடு சசிதரனும் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அவன் தர்மேந்திரனுக்கு முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, நட்ட கையால சுத்துனேன். ஸ்பானர் வச்சு இறுக்கறதுக்குள்ள அடுத்த கார்னு கூப்ட்டாங்க. இறுக்குனேனா இல்லியான்னு... அன்னிலேர்ந்து யோசிக்கிறேன், ஞாபகமே வரலண்ணே."

புவனேஸ் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். சசிதரன் தடுக்கவில்லை. நல்லுசாமிதான் நடுவில் புகுந்து விலக்கினார். "அதான் ஒத்துக்கிட்டானே. அந்த வெளக்கையும் பாத்துட்டா முடிஞ்சிரும்லா" என்று சொல்லி, புது பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். டிரைவர் சீட்டில் தர்மேந்திரன் உட்கார்ந்தான். முதலாளியும் புவனேசும் சன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்கள்.

தர்மேந்திரன் சாவியைத் திருகினான். முருகன் சிவந்தார்.

பழக்க தோஷம், அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே கூப்பி எழுந்தன. நெஞ்சுவரை வந்தவை அங்கேயே நின்றுவிட்டன.

நல்லுசாமி கையை நீட்டி, படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெல்ல உரித்தார். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய்க் குவளை வடிவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

புவனேசின் குரல் இறங்கிப்போயிருந்தது. "மச்சான், அன்னிக்கி இது எரியலதான? எரிஞ்சத நீங்க பாக்கலதான?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்த வேனுக்குள் இருந்த இரண்டு பேரில் மிஞ்சியிருப்பது இவன் ஒருவன்தான். சசிதரன் வேறு ஏற்கெனவே தலையைக் கொடுத்துவிட்டான். ஊர் இன்னும் இவனைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

"ஒங்கக்கா பாத்தா" என்றான் தர்மேந்திரன். "திரிங்காப்லயே பாத்து எங்கிட்ட காட்டுனா. செவசெவன்னு இருக்காருன்னு சொன்னா."

அவன் சாவியைத் திருப்பி அணைக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"நாந்தான் கும்புட்டுக்கன்னு சொன்னேன்."