தெருமுனை ஓட்டலைக் கண்டுபிடித்தவர்

என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் காபி என்றால் நாக்கு மட்டும் நாலு முழம் நீளும். வெயில் காலத்தில் தினமும் கோல்ட் காபி வேண்டும். நான் கொடுப்பதை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. உனக்குக் கைப்பக்குவம் கிடையாது, விடு" என்பார். டம்ளரில் ஒரு சொட்டு மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

நேற்று வேலையிலிருந்து வந்தவர் முகத்தில் புதுக் கண்டத்தையே கண்டுபிடித்த மிதப்பு. எங்கள் தெருமுனையில் ஓர் ஓட்டல் இருக்கிறதாம். அங்கே கோல்ட் காபி அமிர்தமாம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது என்றேன்.

"நாக்கு இருக்கறவனுக்குத்தான் இதெல்லாம் கண்ணுல படும்" என்று என்னையும் கிளப்பிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு மிடறு குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்குப் பேரு காபி. குடிச்சுப் பாத்துக் கத்துக்கோ."

நான் வாயைத் திறக்கவில்லை. மேசை துடைக்க வந்த ஓட்டல்காரர்தான் திறந்தார்.

"என்னக்கா, தினமும் ஃபிளாஸ்க்ல வாங்கிட்டுப் போவீங்க. இன்னைக்கு இங்கயே குடிக்கிறீங்களா?"

என் வீட்டுக்காரர் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.