அடுப்புக்கு அஞ்சு பேர்

நானூறு வருஷத்துக்கு முன்னால் எந்த நாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கணக்குப் போடுவதுதான் இந்தச் சரித்திர ஆராய்ச்சியாளரின் வேலை. அன்றைக்குத் தலையை எண்ணி எழுதி வைத்தது யார்? வீட்டு அடுப்புக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வரி வாங்கிய பட்டியல்தான் மிச்சம். அடுப்புக்கு அஞ்சு பேர் என்று இவர் பெருக்குவார். ஆபீசில் எதிர் மேஜைக்காரரோ நாலுதான் என்பார். பன்னிரண்டு வருஷமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், "வீட்டுல எத்தனை பேர் சார்?" என்றார்.

"அஞ்சு!" ஆராய்ச்சியாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான், சம்சாரம், மாமியார், ரெண்டு பொண்ணுங்க. ஒரே அடுப்பு. அதையும் எழுதிக்குங்க."

மனைவி கரண்டியும் கையுமாக வந்தாள். "நாலுன்னு போடுங்க தம்பி. சின்னவ எத்தனாவது படிக்கிறான்னு இவரைக் கேளுங்க."

ஆராய்ச்சியாளர் விட்டத்தைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இவர் இங்க குடியிருக்கறதே இல்ல. நானூறு வருஷத்துக்கு முந்தின கணக்கு இருந்தா அதுல சேத்துக்குங்க."

பெண்டாட்டி தன்னைக் கழித்துவிட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. எதிர் மேஜைக்காரன் ஜெயித்துவிட்டானே என்றுதான் வயிறு எரிந்தது.