பதினோராவது பாட்டில்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் தப்பு முழுக்க என்னுடையது. ஊசியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவன் படித்துப் படித்துச் சொன்னான்.

ஊசி ஆய்வகத்தில் என் பக்கத்து மேஜைக்காரன். யார் படிகம் வளர்த்தாலும் கையில் ஊசியோடு ஓடிவந்து, "குத்திப் பாத்தியா?" என்று கேட்பான். பெயர் அப்படி வந்தது. எங்கள் வேலை, பாலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, படிகமாக்கி, எக்ஸ்ரேயில் காட்டி, அதற்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சொல்ல ஒரு வரி. எனக்கு மூன்று வருஷம் போய்விட்டது.

பால் என் அக்காவுடையது. அவள் மகள் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தெட்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று மணிக்கொரு தடவை அக்கா பீய்ச்சி வைத்த பால் ஃப்ரீசரில் மிச்சம், பதினொரு பாட்டில். கொட்டவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஐஸ் வேண்டுமென்றால்கூட அத்தான் அந்தக் கதவைத் திறக்கமாட்டார். ஒருநாள் எல்லாவற்றையும் பையில் போட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீதான் எப்பப் பாரு பாலு பாலுன்னு கிடக்கிறியே. எடுத்துக்கடி. எதுக்காவது ஆகட்டும்."

சோதித்துப் பார்த்தேன். அவள் பாலில் இருந்த அந்தப் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் வேறாக இருந்தது. அப்படி ஒன்றின் வடிவத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தலைகால் புரியாமல் அக்காவுக்கு ஃபோன் போட்டு உளறிக் கொட்டினேன்.

"அப்ப அவ குடிச்சது வேற எந்தக் குழந்தைக்கும் கிடைக்காத பாலா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பத்து பாட்டில்கள் வீணாய்ப் போயின. மூன்று, கரண்ட் போன அன்று. மற்றவை என் கைராசி. பதினோராவதிலிருந்து கிடைத்தது பொட்டு வைக்கிற அளவுதான். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தப் புரதம் குலையாமல் நிற்கும் என்பதால் கால்சியம் உப்பு கொஞ்சம் கலந்தேன். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டில், குழிக்கொரு விதமான திரவத்தோடு துளித்துளியாக வைத்தேன். ஒன்பதாவது வாரம், சி-7 குழியில் ஒரு படிகம். ஓரமெல்லாம் கூர். ஒன்றே ஒன்று.

"குத்திப் பாரு," என்றான் ஊசி. "புரதம்னா வெண்ணெ மாதிரி நசுங்கும். உப்புன்னா டக்குன்னு உடையும். ஒரு செகண்ட் வேலை."

"குத்திட்டா அப்புறம் என்னடா மிச்சம்? உன் மூஞ்சியா?"

"உப்பத் தூக்கிட்டுப் போய் அவ்ளோ பெரிய மிஷின் முன்னாடி நிக்கிறதுக்கு இது பரவாயில்ல."

"வாய மூடிட்டுப் போடா."

மறுநாள் அக்கா பார்க்க வந்தாள். மைக்ரோஸ்கோப்பிலிருந்து பத்து நிமிஷம் கண்ணை எடுக்கவில்லை. "என் குட்டி, என் தங்கம், இங்கயா வந்து ஒளிஞ்சிருக்க?" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். ஊசி எழுந்து வெளியே போய்விட்டான். அக்கா சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அதில் ஊசியை இறக்க எனக்கு எப்படிக் கை வரும், நீங்களே சொல்லுங்கள்.

எக்ஸ்ரே நிலையத்தில் எங்களுக்கு ஒரே ஒரு காலைப்பொழுது ஒதுக்கினார்கள். உறைய வைத்த படிகத்தைக் கதிருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரதம் என்றால் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி நிறையும். வந்தது ஏழு. தடித்தடியாக, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில்.

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல், "உப்புங்க," என்றார். "வேற படிகம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல."

சி-7 திரவத்தில் பாஸ்பேட் இருந்தது. அதோடு நான் கலந்த கால்சியம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். எந்தக் குழியில் என்ன திரவம் என்ற பட்டியல் ஒன்பது வாரமும் என் மேஜைமேலேயே கிடந்தது. எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்கப் பயம் என்பதுதான் நிஜம். நான்கு மணிநேரம் ஒதுக்கியிருந்தார்கள். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

"படம் வந்திருச்சா?"

"அக்கா, அது புரதம் இல்ல. உப்பு."

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"என் பால்ல இருந்த உப்பா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாலில் இல்லாத கால்சியமா, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் பாலில் இருந்த உப்பையெல்லாம் நான் முதலிலேயே மூன்று நாள் அலசி எடுத்துவிட்டிருந்தேன். துளியில் இருந்தது அலமாரி டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளிப் போட்டது. ஒருதடவை அவளுக்கு ஆசை காட்டியது போதும்.

"இல்லக்கா. நான் டப்பாலேர்ந்து போட்டது."

"அப்ப அன்னிக்கு நான் அவ்ளோ நேரம் கொஞ்சினது…"

"ஆமாக்கா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பால் கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல."

"பாட்டில்?"

"பதினொண்ணும் இருக்கு. எல்லாத்தையும் மூணு தடவை கழுவி அடுக்கி வெச்சிருக்கேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள்.

"ஏண்டி கழுவுன?"