மந்திரித்த ரொட்டி

"ஒரு துண்டுகூட மிச்சமில்லக்கா. புள்ளைங்க அடிச்சுக்கிட்டுத் தின்னுதுங்க."

ஹுல்டா இதைச் சொன்னதும் பராஸ்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரி, வேறு சபையைச் சேர்ந்தவள், ஹுல்டாவைவிடப் பத்து வயது மூத்தவள். தங்கள் ஈஸ்டர் முடிந்ததும் அவள் கொண்டுவந்து கொடுத்த பாஸ்கா ரொட்டியைப் பற்றிய பேச்சு அது. உச்சியில் மாவையே பின்னிச் சிலுவை வைத்த மஞ்சள் ரொட்டி. கோவிலில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தது. கூடவே நாலைந்து சிவப்பு முட்டைகள். நாள்காட்டி வேறு என்பதால் ஹுல்டா வீட்டு ஜெர்மன் ஈஸ்டர் பனி உருகுவதற்கு முன்பே வந்துபோயிருந்தது. அப்போது அவள் பராஸ்காவின் பிள்ளைகளுக்கும் வைக்கோலில் கூடு கட்டி, முயல் போட்டது என்று சாயமுட்டை வைத்திருந்தாள்.

"உங்க ஆளுங்களுக்கு முயல் முட்டை போடுது. நாங்க பாவம், கோழியத்தான் நம்பியிருக்கோம்" என்று பராஸ்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தாள். "சரி, பன்னி குட்டி போட்டிருக்காமே? வா, காட்டு."

ஹுல்டா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரே சேறா கெடக்குக்கா. உக்காருங்க, காபி போடறேன்."

"சேத்துலயே பொறந்து வளந்தவடி நான்!" என்று சொல்லிக்கொண்டே அவள் முற்றத்தில் இறங்கிவிட்டாள். ஹுல்டா பின்னாலேயே ஓடினாள். பன்றிக்கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்த பராஸ்கா, முதலில் குட்டிகளைத்தான் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தொட்டியில் மோர்த்தண்ணீருக்கு நடுவே, பின்னிய சிலுவை இருந்த ரொட்டித் துண்டு ஊறி மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு ஓடுகள். தாய்ப்பன்றி மூக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

காய்ந்துபோன ரொட்டியைத் தூக்கி எறிய மனம் வராத கைதான் ஹுல்டாவின் கை. எதையும் வீணாக்காத குடித்தனக்காரி என்று சாஸ்கட்சுவான் மாகாணத்தின் அந்த வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கியவள்.

"மறந்துட்டேன்கா" என்றாள்.

பராஸ்கா திரும்பிப் பார்த்தாள். "ஒரு பொடி கீழ விழக்கூடாது, மிஞ்சினா அடுப்புல போட்டு எரிச்சிடணும்னு போன வருஷம் சொன்னேன். நீயும் உன் வீட்டுக்காரரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சிருப்பீங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள் முழங்கைவரை விட்டு, பன்றியின் மூக்கை ஒதுக்கி ஒதுக்கி, ஊறிக் கூழான ரொட்டியையும் ஓடுகளையும் பொறுக்கி இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியில் போட்டாள். குனிந்து உதவப்போன ஹுல்டாவை அவள் தோள் தடுத்தது.

"உள்ள அடுப்பு எரியுதுக்கா, அதுலயே போட்டுடலாம்."

"வேணாம். எங்க வீட்டு அடுப்பு இருக்கு."

மோர் சொட்டச் சொட்ட அவள் வேலியோரமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹுல்டாவுக்கு எமில்தான் நினைவுக்கு வந்தான். முந்தைய ஆண்டு கடுங்குளிரில் செத்துப்போன கைக்குழந்தை. ஜெர்மன் கல்லறைக்குப் போகும் பாதையைப் பனி மூடியிருந்தது. பராஸ்காவின் புருஷன்தான் தங்கள் கல்லறை மூலையில் நெருப்பு மூட்டி, இறுகிய மண்ணை இளக்கிக் குழி வெட்டினான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் தங்கள் செத்தவர்களோடு சேர்ந்து சாப்பிடும் நாள். போன வருஷம் பராஸ்கா ஒவ்வொரு குழியிலும் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டே வந்து, எமிலுக்கும் வைத்தாள். இந்த வருஷம் வைப்பாளா? எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

கணவன் கோட்லீப் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு துண்டு ரொட்டிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? ஒரு மூட்ட மாவு கொண்டுபோய் எறக்கிட்டா ஆச்சு" என்றான். அவனைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தன்னையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்லறைக்குத் தனியாகப் போய் வாசலில் நின்றாள். வேலிக்குள் குழிகள்மேல் பூவேலைத் துணிகள் விரித்து, சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அவளைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தார்கள். ஒருத்தி கன்றுக்குட்டியை விசாரித்தாள். பராஸ்கா யாரிடமும் மூச்சுவிடவில்லை என்பது ஹுல்டாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் கூச்சத்தில் காதுமடல் எரிந்தது. ஊரே காறித் துப்பியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயிருக்கலாம்.

பராஸ்கா கூடையோடு மூலைக்கு வந்தாள். சின்னக் குழியின் மேல் ஒரு துணியை விரித்தாள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வைத்தாள், பக்கத்தில் முட்டை. எழுந்தபோதுதான் வாசலுக்கு வெளியே நின்ற ஹுல்டாவைப் பார்த்தாள்.

"அவனுக்கு வச்சிட்டேன்" என்றாள். "அவன் என்ன பண்ணுவான், பாவம்."

போன வருஷம், "அங்க என்னடி நிக்கிற, வந்து உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்திருந்தாள். இன்றைக்குக் கூப்பிடவில்லை. போய்த் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

காற்று எழுந்தது. சின்னக் குழியின் மேலிருந்த துணியின் ஒரு முனை படபடத்து மேலேறி, ரொட்டித் துண்டை ஓரத்துக்குத் தள்ளியது. விழுந்துவிடுமோ என்று ஹுல்டாவின் கை தானாக நீண்டது. வாசற்கதவு திறந்துதான் இருந்தது.