மட்டமாகக் கிடந்த கோடுகள்

வீட்டில் அவள் அண்ணி. அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவள் நாத்தனார். டர்பைன் என்ற சுழல் எந்திரத்தின் பிளேடுகளை வடிவமைக்கும் குழுவுக்கு நாத்தனார் தலைவி. அவை சுழலும்போது எப்படி அதிரும் என்று கணினியில் பார்த்துச் சொல்வது அண்ணியின் வேலை. அந்த வேலையே தன் மகள் வாங்கிக் கொடுத்ததுதான் என்று மாமியார் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது.

புது பிளேடுக்கு அவசரம் என்று அதிர்வு வரைபடத்தை நாத்தனாரே போட்டுவிட்டாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்துக்கு முன்பு எல்லோருக்கும் வந்த கோப்பில்தான் அண்ணி அதைப் பார்த்தாள். எந்திரத்தின் வேகம் கூடக்கூட, வெளியிலிருந்து விசைகள் பிளேடைத் தட்டும் வேகமும் கூடும். அவை சாய்கோடுகளாக ஏறியிருந்தன. பிளேடு தன்னியல்பில் அதிரும் அதிர்வெண்கள் குறுக்கே மட்டமாகக் கிடந்தன. எந்திரம் ஓடும் வேகத்தில் இரண்டும் சந்தித்தால் அதிர்வு பெருகிப் பிளேடு உடையும்; சந்திக்காதவரை ஆபத்தில்லை. படத்தில் சந்திக்கவில்லை.

ஆனால் அந்தக் கோடுகள் மட்டமாக இருக்கக்கூடாது. சுழலும் பிளேடு வெளிப்பக்கம் இழுபட்டு விறைக்கும், அதிர்வெண் ஏறும். மென்பொருளில் அதைக் கணக்கில் சேர்க்கும் தேர்வை நாத்தனார் போடவே இல்லை. அண்ணி போட்டு ஓட்டினாள். ஒரு கோடு மெல்ல வளைந்து ஏறி, ஓடும் வேகத்திலேயே சாய்கோட்டில் போய் முட்டியது.

நாத்தனாரின் அறை அடுத்ததுதான். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

கூட்டத்தில், மேலாளர் முன்னால், நாத்தனாரின் படத்தைத் திரையில் போட்டாள். "கோடெல்லாம் ஏன் மட்டமா இருக்கு மேடம்?" என்று கேட்டாள். அதுவரை அவள் நாத்தனாரை மேடம் என்று அழைத்ததே இல்லை.

நாத்தனாரின் முகம் சிவந்தது. "வீட்டுல என்மேல இருக்கிற கோபத்தை என் பிளேடு மேல காட்டாதீங்க, அண்ணி."

"எனக்கும் உனக்கும் ஆகாதுங்கிறது பிளேடுக்குத் தெரியாது."

மேலாளர் இருவரையும் அடக்கிவிட்டு, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். இரும்புச் சுவருக்குப் பின்னால், பிளேடுகள் பொருத்திய மாதிரிச் சக்கரம் சுழன்றது. ஓடும் வேகத்தைத் தொட்டதும் அதிர்வுமானி தாறுமாறாகக் குதித்தது. நிறுத்தி, திறந்து பார்த்தபோது ஒரு பிளேடின் அடியில் மயிரிழை போல விரிசல். நாத்தனார் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வெளியே போனாள்.

அன்று மாலை வீடு போர்க்களமானது. தன் பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் என்று மாமியார் அழுதாள். தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கணவன் கேட்டான்.

"சொல்லியிருந்தா ராத்திரியே திருத்தியிருப்பா. காலையில அவ கண்டுபிடிச்சதாத்தான் ஆகியிருக்கும்," என்றாள். அது உண்மை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் பக்கம் அவன் திரும்பிப் படுக்கவில்லை.

நாத்தனார் பிளேடின் அடியைத் தடிமனாக்கிப் புது வடிவம் அனுப்பினாள். இனி எந்த வரைபடமும் அண்ணி ஒப்புதல் தராமல் போகக் கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். அண்ணி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வேலைக்காகப் பார்த்தது முதல் தடவை மட்டும்தான். மற்றதெல்லாம் ஒரு பிழையாவது கிடைக்காதா என்ற ஆசையில் பார்த்தது. கிடைக்கவில்லை. எல்லாக் கோடுகளும் சாய்கோட்டை விட்டுத் தள்ளியே போயின. வடிவம் நன்றாகவே இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒப்புதல் கொடுத்துவிட்டு, நாத்தனாரின் அறை வாசலில் நின்று, "சரியா இருக்கு," என்றாள்.

"தெரியும்," என்றாள் நாத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.